கடைக்காரர் வேட்பாளரானால் முதலில் தீர வேண்டிய கணக்குகள்

எங்கள் வார்டில் ஹார்டுவேர் கடை நடத்தும் ஒருவர் 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். பள்ளியில் என்னிடம் படித்தவர். இன்றும் என்னை 'சார்' என்றுதான் அழைப்பார். நான் அவரைத் 'தம்பி' என்பேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய வேட்புமனுவை முன்மொழிந்தவன் என்ற முறையில், மனுத் தாக்கல் முதல் வாக்கு எண்ணிக்கை வரை அவருடன் இருந்தேன். 2022இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது என்பதால், அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்ற பேச்சு எங்கள் கடைத்தெருவில் மீண்டும் எழுந்திருக்கிறது. என்னிடம் யோசனை கேட்டு வரும் வியாபாரிகளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வருவதைச் சேர்த்து எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. ஊரின் பெயர் வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டார். காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு முதல்நிலை நகராட்சி என்று மட்டும் சொன்னால் போதும்.

சொந்த ஊரில் கடை வைத்திருப்பவர்கள் நகர்மன்றத்துக்கு நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்குப் பலர் சொல்லும் காரணத்தை நான் ஏற்பதில்லை. கடையை லாபமாக நடத்துபவர் ஊரையும் நன்றாக நடத்துவார் என்கிறார்கள். கடையில் லாபம் தராத சரக்கை நிறுத்திவிடலாம். நகராட்சியில் வரி வசூல் குறைவாக உள்ள தெருவுக்குத் தண்ணீரை நிறுத்த முடியாது. கடைக்காரரின் தகுதி வேறு இடத்தில் இருக்கிறது. காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அவர் ஒரே இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கிறார். வார்டில் எந்த வீட்டில் என்ன பழுது, எந்தத் தெருவில் எதற்கு அலைகிறார்கள் என்பது அவருக்கு விசாரிக்காமலே தெரியும். அவரைப் பார்க்க யாரும் யார் சிபாரிசையும் தேட வேண்டியதில்லை. அதே காரணத்தாலேயே அவருக்கு வார்டில் உள்ள அத்தனை பேரோடும், நகராட்சியோடும், நகராட்சி வேலையை எடுத்துச் செய்பவர்களோடும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அந்தக் கணக்குகளை வாக்குக் கேட்கப் போகும் முன்பே தீர்த்துக்கொள்கிறாரா என்பதை வைத்துத்தான் அவர் நல்ல வேட்பாளரா என்று நான் மதிப்பிடுவேன்.

தம்பி ஏன் நிற்க நினைத்தார் என்பதற்கு, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளை நினைவுபடுத்த வேண்டும். 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் நடப்பதாக இருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, பெருந்தொற்று என்று தள்ளிப்போய், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் தனி அலுவலர்களின் நிர்வாகம். அவர்களில் நேர்மையாக உழைத்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத நிலை ஐந்தாண்டுக்கு மேல் நீடித்தது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசியல் சட்டம் தந்த உறுதியாயிற்று. அந்த உறுதி மீறப்பட்டதன் விலையைக் கொடுத்தவர்கள் தெருவில் இருந்தவர்கள்.

அந்த ஆண்டுகளில் மக்கள் தம்பியின் கடைக்குப் போனார்கள். வால்வு வாங்க வந்தவர் தண்ணீர் வராததைச் சொன்னார், பல்பு வாங்க வந்தவர் கம்பத்து விளக்கைச் சொன்னார். தம்பி நகராட்சி ஃபிட்டருக்கும் மின்பணியாளருக்கும் போன் செய்து சொல்வார். பாதி வேலை அப்படியே நடந்தது. நாளடைவில் பொருள் எதுவும் வாங்காமல் குறை சொல்வதற்காகவே வருகிறவர்கள் அதிகமானார்கள். கவுன்சிலர் இல்லாத வார்டில் கவுன்சிலர் வேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. தேர்தல் வரப்போகிறது என்றானதும், இதை முறையாகவே செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். அவருடைய மனைவி மட்டும் உடனே சம்மதிக்கவில்லை. கடைக் கணக்கு முழுவதையும் எழுதுகிறவர் அவர்தான். எது எங்கே சிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

சிக்கல் கடை வாசலிலேயே தொடங்கியது. எங்கள் கடைத்தெருவில் எல்லாக் கடைகளுக்கும் முன்னால் மழைநீர் வடிகால் ஓடுகிறது. அதன்மேல் பலகைக்கல் போட்டு, அதற்குமேல் சரக்கை வைப்பது பல ஆண்டுப் பழக்கம். தம்பியின் கடையில் இருபதடி பிவிசி குழாய்க் கட்டுகள், தண்ணீர்த் தொட்டிகள், சுருட்டிய ஹோஸ் எல்லாம் வடிகால் மேல்தான் நின்றன. ஐப்பசி மழையில் தெரு முழங்கால் அளவு நீரில் நிற்கும்போது, தூர்வார வந்த பணியாளர்கள் எந்தக் கல்லைத் தூக்குவது என்று தெரியாமல் திரும்பிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடைபாதை ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசாத வேட்பாளர் எங்கள் ஊரில் இல்லை. தன் கடை வாசலை முதலில் ஒழித்துக் காட்டிய வேட்பாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. வேட்புமனு கொடுப்பதற்கு முந்தைய வாரம் தம்பி சரக்கையெல்லாம் உள்ளே ஏற்றினார். தொட்டிகளை வைக்கப் பின்தெருவில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். குழாய்க் கட்டுகள் கடைக்குள் சுவரோரமாக நின்றதில் ஆள் நடக்கும் வழி ஒரு முழம் குறைந்தது. பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்களுக்கும் இது வந்து சேரும் என்று அவர்கள் கணக்குப் போட்டது சரிதான்.

அடுத்தது ஒப்பந்ததாரர்கள் விவகாரம். நகராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கு உடையவர் நகர்மன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்பது சட்டம். தம்பிக்கு அப்படி நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் நகராட்சி வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்கள் சிலர் குழாய், வால்வு, கம்பி, சிமென்ட் எல்லாம் அவரிடம்தான் எடுத்தார்கள். பில் பாஸானதும் பணம் என்று மாதக்கணக்கில் நிலுவை நிற்கும். சட்டப்படி இதில் தவறு இல்லை; அவர் சரக்கு விற்பவர், அவ்வளவுதான். இருந்தாலும் நான் அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன்: அந்த ஒப்பந்ததாரர் போடும் குழாய் தரமில்லை என்று வார்டு மக்கள் புகார் செய்தால், கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியவர் நீங்கள், அவருடைய பில் நிறுத்தப்பட்டால் முதலில் முடங்குவது உங்கள் பணம். இந்த நிலையில் ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் அவரை நம்பாது, நம்பவும் கூடாது. அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அந்த வியாபாரத்தை முழுவதுமாக நிறுத்தினார். பழைய நிலுவையை வசூலிப்பதற்குள் தேர்தலே முடிந்துவிட்டது. ஆண்டு வியாபாரத்தில் அது சிறிய பங்கு இல்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

வரி நிலுவை பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாம் பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். மனுத் தாக்கல் தொடங்கிய 2022 ஜனவரி 28க்குப் பிறகு நகராட்சி வரி வசூல் மையத்தில் நின்ற வரிசையைப் பார்த்தால், ஊரின் பழைய பாக்கியெல்லாம் அந்த வாரத்திலேயே வசூலாகிவிடும் போலிருந்தது. வேட்பாளராக நினைப்பவர் தேர்தல் வந்த பிறகு ஓடிப்போய்க் கட்டுவது அழகில்லை.

கடன் நோட்டு இவற்றைவிடக் கடினமானது. எங்கள் வார்டில் ஏறக்குறைய 1,500 வாக்காளர்கள். அவர்களில் தம்பிக்குப் பாக்கி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை, கேட்பது முறையுமில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஓட்டுக்கூரைக்குத் தகரம் வாங்கிப் போனவர், மகள் கல்யாணத்துக்கு முன் குளியலறை கட்டியவர் என்று பல பெயர்கள் அதில் இருந்தன. கடன் வைத்திருப்பவரின் வாசலில் போய்க் கைகூப்பி நின்றால், அவர் சொல்லும் 'சரி'க்கு என்ன அர்த்தம்? கேட்பவர் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், எதிரே நிற்பவர் அதை நினைக்காமல் இருக்க முடியாது. பாக்கியைத் தள்ளுபடி செய்தால் அது வாக்குக்குப் பணம் கொடுத்ததாகும். கறாராக வசூலித்தால் மிரட்டலாகும். கடைசியில், தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு வரும் நாள்வரை பழைய பாக்கியை யாரிடமும் கேட்பதில்லை, யாருக்கும் விட்டுக்கொடுப்பதும் இல்லை, புதுக் கடன் யாருக்கும் தருவதும் இல்லை என்று கணவனும் மனைவியும் முடிவு செய்தார்கள். நோட்டு வீட்டு பீரோவுக்குள் போனது. கடன் கொடுக்காத கடைக்காரர் என்ற பேச்சு அந்தச் சில வாரங்களில் வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மோட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வார்டின் அரசியல் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

எங்கள் வார்டுக்கு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து காலையில் ஒருமணி நேரம் போலத் தண்ணீர் திறக்கிறார்கள். தொட்டிக்கு அருகில் உள்ள தெருக்களுக்கு முதலில் வரும். கடைக்கோடித் தெருவுக்குக் கடைசியில் வரும். முன்தெருக்களில் பல வீடுகளில் வீட்டு இணைப்புக் குழாயிலேயே அரை ஹெச்பி மோட்டாரை நேராக மாட்டியிருக்கிறார்கள். வால்வு திறந்ததும் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். குழாயில் வரும் நீரை அவை உறிஞ்சிக்கொள்ள, கடைக்கோடித் தெருக் குழாய்களில் காற்று மட்டும் சீறும். அங்கே இருப்பவர்கள் வீட்டு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அதற்குள் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். தாழ்வான இடத்தில்தான் கொஞ்சமாவது நீர் இறங்கும் என்பதால். பெண்கள் குழிக்குள் இறங்கி நின்று, சொம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றி, குடத்தை மேலே நிற்கும் பிள்ளையிடம் தூக்கிக் கொடுப்பார்கள். மழை பெய்தால் குழியில் சாக்கடை நீர் நிற்கும். அந்த நீருக்குள்தான் குடிநீர்க் குழாயின் வாயும் இருக்கும். நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிப்படி குற்றம், பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். எப்போதாவது ஒருநாள் சோதனை நடக்கும். சோதனை நடக்கப்போகிறது என்ற செய்தி அதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிடும்.

அந்த மோட்டார்களில் பெரும்பாலானவை தம்பியின் கடையில் வாங்கியவை. கோடைக்காலத்தில் அவர் கடையில் அதிகம் விற்பதே அவைதான். வாக்குக் கேட்டுக் கடைக்கோடித் தெருவுக்குப் போன முதல் மாலையிலேயே, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்: "தண்ணி கொண்டாரேங்குற, சரி. அந்த மோட்டார விக்கிறதே நீதானப்பா?" கூட வந்த இளைஞர்கள் ஏதோ சமாதானம் சொல்ல முற்பட்டார்கள். தம்பி அவர்களை நிறுத்திவிட்டு, "நான்தான் விக்கிறேன் ஆத்தா" என்றார். பிறகு திண்ணையிலேயே உட்கார்ந்து, தான் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை விளக்கினார்.

மோட்டார் விற்பதை ஒரு கடைக்காரர் நிறுத்துவதால் எதுவும் மாறிவிடாது என்பது உண்மை. தரைத்தொட்டியில் நிரம்பிய நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றவும் அதே மோட்டார்தான் வேண்டும். அது முழுக்க முறையான பயன்பாடு. வாங்கிப் போகிறவர் எங்கே மாட்டுவார் என்று விற்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த கடையில் கிடைக்கும். ஆகவே தம்பி முன்வைத்தது வேறு. வார்டின் நடுவில் பகிர்மானக் குழாயில் ஒரு வால்வு வைத்து, கடைக்கோடித் தெருக்களுக்குத் தனி நேரம் ஒதுக்கி, முன்தெருக்களை அடைத்துவிட்டு முதலில் அவர்களுக்குத் திறப்பது. முன்தெருக்களில் தரைத்தொட்டி இல்லாத வீடுகளுக்குச் சிறிய தொட்டி வைக்க அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் நேராக உறிஞ்சினால் இணைப்பைத் துண்டிப்பது. வால்வுக்கும் அதற்கான குழாய் மாற்றத்துக்கும் எவ்வளவு பொருள் வேண்டும், எத்தனை நாள் வேலை என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தார். இதை எழுதக் கட்சி அலுவலகமோ பொறியாளரோ அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தக் குழாய்கள் எந்தத் தெருவில் எந்த அளவில் போகின்றன என்பது பல ஆண்டு வியாபாரத்தில் தெரிந்த விஷயம். கடைக்காரர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இந்த அறிவுக்காகத்தான்.

அந்தத் தாளை முன்தெருக்களிலும் அவர் கொடுத்தார். கடைக்கோடியில் ஒரு பேச்சு, முன்தெருவில் ஒரு பேச்சு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. "நீ ஜெயிச்சா எங்க வீட்டுக் குழாயப் புடுங்குவியா?" என்று அவருடைய நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். "தொட்டி வெச்சுட்டீங்கன்னா புடுங்க மாட்டேன் அண்ணே" என்று தம்பி பதில் சொன்னார். அவர் பிறகு கடைக்கு வரவில்லை.

தேர்தல் வேலையைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை ரூ.2,000; பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. முதல்நிலை, இரண்டாம் நிலை நகராட்சிகளில் ஒரு வேட்பாளரின் செலவு வரம்பு ரூ.34,000. பிப்ரவரி 7ஆம் தேதி மனுவைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்தது. 17ஆம் தேதி மாலையோடு பிரசாரம் ஓய்ந்தது. ஊரறிந்த கட்சிச் சின்னங்களுக்கு எதிரே, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சின்னத்தைப் பத்து நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தொற்றுக் கட்டுப்பாடுகளால் ஊர்வலம் கிடையாது என்பது எங்களுக்கு அனுகூலமாக இருந்தது. நடந்துபோய்க் கதவைத் தட்டுவதில் எல்லா வேட்பாளர்களும் சமம். செலவுக் கணக்கை அவர் மனைவி தனி நோட்டில் எழுதினார். முடிவு வந்த 30 நாட்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்றாண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதி போய்விடும். தோற்ற வேட்பாளர்கள் பலர் இதை மறந்து மாட்டிக்கொள்கிறார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு எங்கள் வார்டிலும் கவர்கள் வந்தன என்று ஊர் பேசியது. தம்பியின் பெயரில் எதுவும் போகவில்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

22ஆம் தேதி எண்ணினார்கள். தம்பி இரண்டாம் இடம். பதிவான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றதால் வைப்புத்தொகை திரும்பக் கிடைத்தது. தமிழகம் முழுவதும் நகராட்சிகளின் 3,843 இடங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றைச் சுயேச்சைகள் பிடித்தார்கள் என்ற செய்தி வந்தபோது, அந்தப் பட்டியலில் சேராமல் போனது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எந்தத் தெரு எப்படி வாக்களித்தது என்பதை இயந்திரம் காட்டாது. முன்தெருக்களில் மோட்டார் பேச்சால் வாக்குகள் போயின என்று அவருடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். கடைக்கோடித் தெருவில் கட்சிச் சின்னத்துக்குப் போன வாக்குகளும் குறைவில்லை என்பது என் கணிப்பு. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் ஆளும் கட்சியின் உறுப்பினர்தான் உதவுவார் என்று அவர்கள் நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. அதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். வென்றவர் மரியாதையான மனிதர், அழைத்தால் வருபவர்.

வியாபாரிகள் நகராட்சிக்கு வருவது நம் நாட்டில் புதிதில்லை. ஈரோட்டில் மண்டி வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்து, தானும் அதே வணிகத்தில் இருந்த பெரியார் பொதுவாழ்வின் தொடக்கத்தில் அந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்தார். சென்னை மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரான பிட்டி தியாகராயரும் வணிகர்தான். ஆனால் அந்தக் காலத்தில் வரி கட்டுபவர்களுக்கே வாக்குரிமை. சொத்தும் கடையும் உள்ளவர்கள் தங்களுக்குள் கூடி முடிவெடுக்கும் இடமாக மன்றம் இருந்தது. இப்போது 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்கு உண்டு. வாடகை வீட்டில் இருப்பவரும் நடைபாதையில் பூ விற்பவரும் கடை முதலாளியும் அங்கே ஒன்று. கடைத்தெருவின் பிரதிநிதியாகத் தன்னை நினைத்துக்கொண்டு மன்றத்துக்குப் போகும் வியாபாரி, நூறாண்டு பின்னால் போகிறார்.

இந்த விஷயம் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. தேர்தல் முடிந்து மன்றங்கள் அமைந்த சில வாரங்களிலேயே, 2022 ஏப்ரலில், சொத்து வரிச் சீராய்வு அறிவிக்கப்பட்டது. 600 சதுர அடிக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் உயர்வு. கடைத்தெரு கொதித்தது. தம்பி வென்றிருந்தால், அந்தத் தீர்மானம் மன்றத்துக்கு வந்தபோது தன் கடை வரி இரட்டிப்பாவதைப் பற்றித் தானே கை தூக்க வேண்டியிருந்திருக்கும். வியாபாரிகள் கூட்டத்தில் அவர் பேசியதை நான் கேட்டேன். நூறு சதவீதத்தை ஒரே தவணையில் ஏற்றுவது சிறு கடைகளைப் பாதிக்கும், படிப்படியாக ஏற்றுங்கள் என்று மனுக் கொடுக்கலாம். வரியே ஏறக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன், கடைக்கோடித் தெருவுக்கு வால்வு கேட்டவன் அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். கைதட்டல் விழவில்லை. மனுவில் படிப்படியாக என்ற வார்த்தை மட்டும் சேர்ந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபையைப் போல நகரத்திலும் மக்கள் நேரில் வந்து பேச ஒரு சபை வந்ததை நான் மிகவும் வரவேற்கிறேன், பல ஊர்களில் அது பெயருக்கே நடக்கிறது என்றாலும். தம்பி அங்கே தன் பழைய தாளைக் கொடுத்தார். வென்ற உறுப்பினர் அதை வாங்கிக்கொண்டு, பொறியாளரிடம் பேசுவதாகச் சொன்னார். நடு வால்வு பின்னர் பொருத்தப்பட்டது. கடைக்கோடித் தெருவுக்கு இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள் தனியாகத் திறக்கிறார்கள். மோட்டார்கள் அப்படியே இருக்கின்றன. சில குழிகள் மூடப்பட்டிருக்கின்றன, சில இன்னும் இருக்கின்றன.

அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கும் வியாபாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் ஓராண்டு முன்பே இந்தக் கணக்குகளைத் தொடங்குங்கள். ஒப்பந்ததாரர்களோடு உள்ள கடன் வியாபாரத்தை முடிக்க அத்தனை மாதம் ஆகும். வடிகால் மேல் உள்ள சரக்கை உள்ளே எடுத்த பிறகு எந்த வாடிக்கையாளர் போகிறார், யார் இருக்கிறார் என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். வருமானத்தை நம்பி யாரும் வர வேண்டாம். 2023 ஜூலையிலிருந்துதான் நகர்மன்ற உறுப்பினருக்கு மாதம் ரூ.5,000 மதிப்பூதியம் வந்தது. கூட்டத்துக்காக அரைநாள் கடையை விட்டுப் போனால் அதைவிட அதிகம் போகும். கடையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வார்டில் தம்பி நிற்பாரா என்பது இடஒதுக்கீட்டு அறிவிக்கை வந்த பிறகே தெரியும். நகர்ப்புற உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. இந்த வார்டு அப்படி ஒதுக்கப்பட்டால் அவருடைய மனைவி நிற்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். கடன் நோட்டை பீரோவுக்குள் வைத்த முடிவு உட்பட, மேலே நான் எழுதிய பலவற்றில் அவர் யோசனைதான் முதலில் வந்தது என்பதால் எனக்கும் அதுவே விருப்பம். மனைவி பெயரில் கணவர் கூட்டத்துக்குப் போய் உட்காரும் வழக்கம் பல ஊர்களில் இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். நகராட்சிக்குத் தானே போய், தானே பேசி, கோப்பில் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதாக இருந்தால் மட்டுமே நிற்பேன் என்கிறார். தம்பி அதற்குச் சம்மதித்துவிட்டார்.